ஆயிரம் ஆண்டுகள், ஒரே இரவா?

கேள்வி: ஐரோப்பாவில் கிறிஸ்தவத் திருச்சபை கோலோச்சிய ஆயிரம் ஆண்டுகளும் சமுதாயம் அசைவற்றுக் கிடந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடிக்கச் சொல்லி நீதி வழங்கினார்கள்; பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள். மறுமலர்ச்சி வந்த பிறகுதான் விடிந்தது. அந்தக் காலத்தில் படித்துத் தெரிந்துகொள்ள இதற்கு மேல் என்ன இருக்கிறது? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு கொடுமைகளும் நடந்தவைதாம். ஆனால் முதலாவதைப் பெரும்பாலும் முடிவுக்குக் கொண்டுவந்தது நீங்கள் குற்றம் சாட்டும் அதே திருச்சபை. இரண்டாவது உச்சத்தை எட்டியது விடிந்துவிட்டதாக நீங்கள் சொல்லும் காலத்தில். எது எந்த நூற்றாண்டில் நடந்தது என்று பாராமல் ஆயிரம் ஆண்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால் வரும் பிழை இது.

இரும்பிலிருந்தே தொடங்குவோம். குற்றம் சாட்டப்பட்டவர் காய்ச்சிய இரும்பை ஏந்திச் சில அடிகள் நடக்க வேண்டும்; பிறகு கையைத் துணியால் கட்டி, மூன்று நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள்; புண் ஆறத் தொடங்கியிருந்தால் அவர் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. நீரில் இறக்கும் சோதனையும் இருந்தது. அதில் மூழ்கியவர் நிரபராதி, மிதந்தவர் குற்றவாளி; தூய நீர் பாவியை ஏற்காமல் தள்ளிவிடும் என்பது நம்பிக்கை. இரும்பையும் நீரையும் குருவானவர் மந்திரித்துக் கொடுத்தால்தான் சோதனை செல்லும். இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர், பாரிஸ் பேராலயத்தின் பாடற்குழுத் தலைவராக இருந்த பீட்டர் என்னும் இறையியல் ஆசிரியர். நாம் கேட்கும்போதெல்லாம் கடவுள் அற்புதம் நிகழ்த்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவரையே சோதிப்பதாகும் என்பது அத்தரப்பின் வாதம். பாரிஸில் படித்தவரான திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னசென்ட், 1215-இல் நானூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்னும் திருச்சபைப் பேரவையில், குருக்கள் இச்சடங்குகளில் பங்கேற்கக் கூடாது என்று தடை விதித்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் என்பேன். இங்கிலாந்தில் நீதிபதிகள் கையில் இருந்த வழி திடீரென அடைபட்டது. என்ன செய்வது என்று அவர்களுக்கு 1219-இல் அரசாணை போக, பின்னர் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி உண்மை கேட்கும் வழக்கம் வளர்ந்து ஜூரி முறையாக உருப்பெற்றது. ஐரோப்பாவின் மற்றப் பகுதிகள் பலவற்றிலோ ரோமானியச் சட்ட மரபு தழைத்தது. கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும், இல்லையேல் குற்றவாளியின் ஒப்புதல் வேண்டும் என்று அது கேட்டது. சாட்சி கிடைக்காத இடத்தில் ஒப்புதலைப் பிடுங்கச் சித்திரவதை நுழைந்தது. திருச்சபையின் போதனைக்கு மாறாக நம்பிய ‘சமய விரோதிகளை’ விசாரிப்பதில் அதைத் திருத்தந்தை நான்காம் இன்னசென்ட் 1252-இல் அனுமதித்தார். ஒரே சீர்திருத்தத்துக்குப் பின் ஓரிடத்தில் ஜூரியும் இன்னோரிடத்தில் வதைக்கூடமும் வந்தன. அதே 1215-ஆம் ஆண்டுச் சங்கம்தான் யூதர்கள் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும் விதித்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. மாற்றம் என்ற சொல்லுக்கு முன்னேற்றம் என்று நான் பொருள் கொள்ளவில்லை. அசைவற்றுக் கிடந்தது என்ற உங்கள் கூற்றைத்தான் மறுக்கிறேன்.

குருக்களின் துறவு வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம், பதினொன்றாம் நூற்றாண்டுகளில் மனைவி மக்களோடு வாழ்ந்த கிராமத்துக் குருக்கள் ஏராளம்; தந்தைக்குப் பின் மகன் அதே கோயிலைக் கவனிப்பதும் உண்டு. துறவு வேண்டும் என்ற விதி பழையதுதான், ஆனால் பல இடங்களில் அது ஏட்டோடு நின்றது. கோயில் சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுமோ என்ற கவலையும், பலிபீடத்தைத் தொடும் கை தூய்மையாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தே இதை மாற்றின. மிலான் நகரில் 1057 வாக்கில் எழுந்த பட்டாரியா இயக்கத்தில், மணமான குருக்களின் பூசையைப் பொதுமக்களே புறக்கணித்தார்கள். 1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் அத்தகைய திருமணங்கள் திருமணங்களே அல்ல என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பால் நிலை தாழ்ந்த மனைவியரும் பிள்ளைகளும் எத்தனை பேர் என்பதை எண்ணாமல் இந்த வரியை என்னால் கடக்க முடிவதில்லை.

கல்வியிலும் இதே வேகந்தான். அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைப் பாரிஸில் கற்பிக்கக் கூடாது என்று 1210-இல் ஆயர் கூட்டம் தடுத்தது. 1255-இல் பாரிஸ் பல்கலைக்கழகக் கலைப்பிரிவின் பாடத்திட்டத்தில் அந்நூல்களே கட்டாயமாயின. நாற்பத்தைந்தே ஆண்டுகள். உழவர் வாழ்வும் நிலையாக நிற்கவில்லை. 1348-ஐ ஒட்டிப் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையால் கூலி உயர, அதைக் கட்டுப்படுத்த இங்கிலாந்து 1351-இல் சட்டம் செய்தது. 1381-இல் உழவர்கள் கிளர்ந்தபோது அவர்களுக்குப் போதித்த ஜான் பால் ஒரு குருவானவர்.

இனி, சூனியக்காரிகள். ஏறத்தாழ 906-இல் ப்ரூம் மடத்தின் முன்னாள் தலைவர் ரெஜினோ தொகுத்த திருச்சபை விதிகளில் ஒன்று, இரவில் பழைய ரோமானியத் தேவதையான டயானாவோடு விலங்குகள் மீதேறிப் பறப்பதாகச் சொல்லும் பெண்கள் சாத்தானின் மாயத்தால் கனவில் ஏமாந்தவர்கள் என்கிறது. அப்படிப் பறப்பது உண்மை என்று நம்புவதையே அது பிழையாகக் கண்டிக்கிறது. அந்த நம்பிக்கை படித்தவர்களிடையே வேரூன்றி விசாரணைகள் தலையெடுத்தது பதினைந்தாம் நூற்றாண்டில். பெருந்தொகையாகப் பெண்களையும் ஆண்களையும் எரித்த அலை, ஏறத்தாழ 1560 முதல் 1630 வரை, அச்சகமும் மறுமலர்ச்சி ஓவியமும் வந்துவிட்ட ஐரோப்பாவில், கத்தோலிக்க ஊர்களிலும் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்ட்) ஊர்களிலும் ஒருங்கே வீசியது. அத்தண்டனைகளில் பெரும்பாலானவற்றை வழங்கியவை அரசு நீதிமன்றங்கள்.