கல்லாவில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு அல்சூரில் ஒரு தமிழ் உணவகத்தில் மேலாளராக இருக்கிறேன். மேசை துடைக்கும் அசாம் பையனை ஒரு வாடிக்கையாளர் தினமும் ‘ஏய் சிங்கி’ என்றுதான் கூப்பிடுவார். வடகிழக்குக்காரர்களின் முகச்சாயலைக் கேலி செய்யும் வசைச்சொல் அது. கேட்கலாமா என்றால் முதலாளி, ‘ரெகுலரா வர்ற கிராக்கி, விடுப்பா’ என்கிறார். இப்போது பையனே கேட்டு உள்ளே பாத்திரம் கழுவப் போய்விட்டான். பிரச்சினை ஓய்ந்த மாதிரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடைக்காரர்கள் இதில் என்ன செய்ய வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

மேசைப் பக்கம் நின்றால் நாலு காசு டிப்ஸ் வரும். அதை விட்டுவிட்டு எச்சில் தட்டு கழுவுகிறேன் என்று ஒருவன் தானாகக் கேட்கிறான். இதில் எது ஓய்ந்தது?

அந்த ஆளிடம் உங்கள் முதலாளிதான் பேச வேண்டும். நீங்களும் சம்பளத்துக்கு இருப்பவர். நீங்கள் சொன்னால் அது வாய்ச்சண்டையாகிவிடும். பில் கட்ட வரும்போது கல்லாவிலிருந்து, சத்தம் போடாமல், “சார், அந்தப் பையனுக்குப் பேர் இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடுங்க” என்றால் போதும். மறுபடியும் ஆரம்பித்தால், இங்கே பரிமாற மாட்டோம் என்று சொல்லிவிடலாம். ஒரு கிராக்கி போனால் கடை மூழ்காது. (பாதிப் பேர் மறுவாரமே தோசைக்கு வந்து நிற்பார்கள்.)

பெரிய நிறுவனங்கள் இதில் வேறு மாதிரி சறுக்குகின்றன. 2021 அக்டோபரில் சொமேட்டோவின் உதவி மைய ஊழியர் ஒருவர், தமிழ் வாடிக்கையாளரிடம் இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்றார். ஊர் கொதித்ததும் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அன்றே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசிப் படியில் இருப்பவரைத் தூக்கிக் காட்டினால் கூச்சல் அடங்கும், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் தமிழ் உதவி மையம் அமைக்கிறோம் என்று அவர்கள் சொன்னதுதான் அதில் உருப்படியான விஷயம்.

சரி, உங்கள் சமையல்கட்டில் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ‘ஏய் நேப்பாளி’ என்றுதானே? 1991 காவிரிக் கலவரத்தில் இதே ஊரில் தமிழர்கள் வீட்டை விட்டு ஓடியது உங்கள் மூத்த மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது. 2012 ஆகஸ்டில் தாக்குதல் நடக்கப்போகிறது என்று வதந்தி கிளம்பி, வடகிழக்குப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் குவாஹாத்திக்கு ரயிலேறியதையும் ஊரே பார்த்தது. ஆகவே வாடிக்கையாளரிடம் பேசும் அன்றே மாஸ்டரிடமும் பேசியாக வேண்டும். அதுதான் கஷ்டம், கிராக்கியை விட மாஸ்டர் போனால் நஷ்டம் அதிகம்.

பையன் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவன் என்றால், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகலாம். முதலாளி காதில் இதைப் போட்டு வையுங்கள்.

ஆனால் எதற்கும் முன்னால் அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். புகார் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பின்கட்டிலேயே இருக்கிறேன் என்றால் இருக்கட்டும். டிப்ஸில் ஒரு பங்கு பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் போகும்படி முதலாளியிடம் பேசி முடியுங்கள்.