ஐடிஐயில் கற்றது வேறு தொழிலுக்கு உதவுமா?

"காரைக்குடியில் ஃபிட்டர் படிக்கிறேன், நாளை வேறு தொழிலுக்குப் போனால் இரண்டு ஆண்டும் வீண்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

அரம் பிடிக்கும் லாவகம் வேண்டுமானால் பட்டறையோடு நின்றுவிடலாம். ஆனால் வரைபடத்தைப் படித்து, வெர்னியரில் அளந்து, பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்று தேடுகிறீர்களே, அந்தப் பழக்கம் எங்கு போனாலும் கூடவே வரும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார். கலவை சற்று நீர்த்துப்போனாலும் பூ வேலை கெட்டுவிடும். பதம் பார்க்கும் அந்தக் கண்ணும் நிதானமும் மருந்துத் தொழிற்சாலையிலும் மதிக்கப்படும்.

பர்மாவில் நகரத்தார் வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, சேர்ந்தவர்களும் எடுபிடி வேலையோடு கணக்கும் கடிதமும் பழகித்தான் மேலே வந்தார்கள்.

ஐடிஐயில் வேலைவாய்ப்புத் திறன் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதைத் தேர்வுக்காக மட்டும் பலர் புரட்டுவது எனக்கு வருத்தம். நேர்காணலில் "குழுவாகச் செயல்படுவேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. யாருடன் எந்த வேலையைச் செய்தீர்கள், எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று விளக்குங்கள். அதற்காக, பயிற்சிக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே இரண்டு வரி இன்றே எழுதத் தொடங்குங்கள்.