மக்ரெகர் பறவை: கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ கினி பற்றிய கட்டுரையில் மக்ரெகர் பறவையை சொர்க்கப்பறவைகளின் வரிசையில் சேர்த்திருந்தீர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதை வரைவதற்காக இணையத்தில் தேடியபோது ‘ஹனிஈட்டர்’ என்று வருகிறது, அப்படியென்றால் தேன்சிட்டுதானே, காக்கை அளவுக்குத் தேன்சிட்டு உண்டா, அது தேன்தான் குடிக்குமா என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
க.

அன்புள்ள க.,

உங்கள் மகள் இணையத்தில் கண்டதுதான் சரி, அது ஹனிஈட்டர்தான், சொர்க்கப்பறவை இல்லை. நான் கையில் வைத்திருந்தது பழைய புத்தகம், அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன்.

1897இல் விலங்கியலாளர் டி விஸ் இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தபோதே சொர்க்கப்பறவைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பிரிட்டிஷ் நியூ கினியை அப்போது நிர்வகித்த வில்லியம் மக்ரெகரின் பெயர்தான் பறவைக்கு. கறுப்பு உடம்பு, சிறகில் காவி நிறம், கண்ணைச் சுற்றி ஆரஞ்சு மஞ்சளில் காது மடல் போல ஒரு சதை. பார்த்தால் யாரும் சொர்க்கப்பறவை என்றுதான் நினைப்பார்கள். ஆனால் பழக்கவழக்கம் அப்படி இல்லை. சொர்க்கப்பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண் ஆடும், பாடும், பெண் வந்து பார்க்கும், அதோடு ஆணின் வேலை முடிந்தது, குஞ்சு வளர்ப்பதெல்லாம் பெண்தான். இதுவோ ஜோடியாகவே வாழ்கிறது, ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி, குஞ்சுக்கு ஆணும் இரை கொண்டுவருகிறது. கூட்டில் ஒரே ஒரு முட்டை. இவ்வளவும் கண்ணெதிரே இருந்தும் 2000த்தில் மரபணுவைப் பார்த்த பிறகுதான் ஹனிஈட்டர் குடும்பத்துக்கு மாறியது, அதாவது நூறு வருஷம் வேறு வீட்டு ரேஷன் கார்டில் இருந்திருக்கிறது!

அடுத்தது தேன்சிட்டு. நம் வீட்டுச் செம்பருத்தியில் வந்து தொங்குமே, அது வேறு குடும்பம். ஹனிஈட்டர்கள் ஆஸ்திரேலியா, நியூ கினி, பசிபிக் தீவுகள் பக்கத்துப் பறவைகள். பூவில் தேன் எடுக்கும் வேலை ஒன்று என்பதால் சாயல் வந்திருக்கிறதே தவிர சொந்தம் கிடையாது. தமிழில் ‘தேனுண்ணி’ என்று எழுதலாம், ‘தேன்சிட்டு’ வேண்டாம். மக்ரெகர் சுமார் 40 செ.மீ. நீளம், அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று.

இதற்கு நேர் தலைகீழான கதையும் ஒன்று உண்டு. ஹவாயின் கௌவாய் தீவில் மலைக்காட்டுச் சதுப்பில் ஓஓ என்று ஒரு பறவை இருந்தது, அதைத் தேனுண்ணி என்றே சொல்லிவந்தார்கள். கடைசியாக அதன் குரல் கேட்டது 1987இல். அருங்காட்சியகத்தில் இருந்த தோல்களிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்து, இது தேனுண்ணியே இல்லை, தனிக் குடும்பம் என்று சொன்னது 2008இல். பறவை போய் இருபது வருஷம் கழித்து! ஒரு குடும்பமே அழிந்துபோயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்தச் செய்தி இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

மக்ரெகர் இன்னும் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. 2,700 மீட்டருக்கு மேலே, மரங்கள் குட்டையாகி புல்வெளி தொடங்கும் விளிம்பில்தான் வாழ்கிறது, அதுவும் தொடர்ச்சியாக இல்லாமல் அங்கங்கே துண்டுதுண்டாக. பறக்கும்போது சிறகுச் சத்தம் தூரத்திலேயே கேட்கும், ஆளைக் கண்டும் அவ்வளவாக மிரளாது. வேட்டைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? எளிதில் போய்ச் சேர முடிகிற மலைகளில் இதனால்தான் குறைந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு முட்டை போடும் பறவையை நாலு பேர் வேட்டையாடினாலே தாங்காது.

தேன் குடிக்குமா என்று கேட்டாளே, அதன் முக்கியச் சாப்பாடு பழம்தான். டாக்ரிகார்பஸ் என்ற ஊசியிலை மரத்தின் பழம் கிடைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே படத்தில் பூ வேண்டாம், அந்த மரத்தை வரையச் சொல்லுங்கள். கண் மடலுக்கு மட்டும் நல்ல ஆரஞ்சு வேண்டும். பழைய கட்டுரையைத் திருத்திவிட்டேன், படம் வரைந்து முடித்ததும் அனுப்புங்கள், அங்கேயே போடுகிறேன்.