பணம் போய்த் திரும்பிவிட்டது, இடமும் திரும்புமா?

கேள்வி: கலந்தாய்வில் என் மகளுக்கு அவள் விரும்பிய பாடப்பிரிவு கிடைத்தது. கடைசி நாள் இரவு 11.20க்கு யுபிஐ மூலம் கட்டணம் செலுத்தினோம். கணக்கில் பணம் கழிந்துவிட்டது. பல்கலைக்கழக இணையதளத்திலோ ‘நிலுவை’ என்றே இருந்தது. நள்ளிரவில் தளம் மூடப்பட்டது. மூன்றாம் நாள் பணம் திரும்ப வந்தது. நேரில் போய்க் கேட்டால் “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்கிறார்கள். ஒன்பது நாள் ஆகிவிட்டது. நீதிமன்றம் உதவுமா?
– ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்: உதவ வாய்ப்புண்டு, சகோதரி. ஆனால் ஒன்பது நாளைக் கடத்திவிட்டீர்கள். இனி ஒரு நாளையும் கடத்தாதீர்கள்.

ஐஐடி தன்பாத்தில் இடம் பெற்ற உத்தரப் பிரதேச மாணவரின் வழக்கு உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். தினக்கூலித் தொழிலாளியின் மகனான அவரால், 2024 ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாயைக் கட்ட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது உறுப்பின்கீழ், ஏற்கெனவே சேர்ந்த எவரையும் பாதிக்காமல் கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கி அவரைச் சேர்க்கச் சொன்னது. அந்த உத்தரவு வந்தது செப்டம்பர் 30இல். இடையில் அவர் ஏறி இறங்கிய படிகள் பல. தவிர, 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய அதிகாரம். ஆகவே அந்தத் தீர்ப்பை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள்.

உங்களுக்கு உரிய வழி, 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புகளுக்கு ஆணையிடக் கோரி நேரடியாகப் போடும் மனு. உங்கள் மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை. உங்கள் நிலைக்கு அதிகம் பொருந்தும் தீர்ப்பு, எம்பிபிஎஸ் சேர்க்கை தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் வழங்கியது. மாணவரிடம் எந்தத் தவறும் இல்லாமல், அவர் தாமதமின்றி நீதிமன்றத்தை நாடியிருந்து, அதிகாரிகளின் தவறால் இடம் பறிபோயிருந்தால், அரிதினும் அரிதான நிலையில் கடைசித் தேதி கடந்த பிறகும் சேர்க்கைக்கு உத்தரவிடலாம் என்று அது கூறியது. மருத்துவப் படிப்புக்காகச் சொல்லப்பட்டதென்றாலும், தவறு யாருடையது, எவ்வளவு விரைவாக வந்தீர்கள் என்ற இரு கேள்விகளை உங்களிடமும் நீதிபதி கேட்கக்கூடும்.

கடைசி இரவுவரை ஏன் காத்திருந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். பணம் புரட்டுவதன் பாடு வீடு நடத்துகிறவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் அவசியம் கேட்பார். அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள், 11.20 என்பது கெடுவுக்குள் வரும் நேரம்தான் என்பதே உங்கள் பலம்.

அந்த நேரத்தைச் சொல்ல வாய்வார்த்தை போதாது. வங்கிக் கிளையில் கணக்கு அறிக்கையை முத்திரையுடன் வாங்குங்கள். பணம் கழிந்த வரி, திரும்பிய வரி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றும் அதில் தெரிய வேண்டும். ‘நிலுவை’ என்று காட்டிய திரையின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அழித்துவிடாதீர்கள். நேரில் கேட்டதற்குச் சாட்சி இல்லை என்பதால், இன்றே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மின்னஞ்சலும், சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ஆனால் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் மனுவைத் தாக்கல் செய்து, வழக்கு முடியும்வரை அந்தப் பிரிவில் ஓர் இடத்தை நிரப்பாமல் வைக்குமாறு இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். இடங்கள் நிரம்பி வகுப்பும் தொடங்கிவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும்.

வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மகளின் பெயரிலேயே மதுரைக் கிளையின் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று: வேறு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தால், இந்த வழக்கை நம்பி அதை விட்டுவிடாதீர்கள். அங்கே சேர்ந்திருப்பதையும் மனுவில் குறிப்பிட்டுவிட்டு, வகுப்புக்குப் போகட்டும்.