கையெழுத்துக்கு முன் சைகை: வாசகர் கேள்விகள்

என் மகனுக்குக் காது 65 என்று சான்றிதழில் போட்டிருக்கிறார்கள். அரசு வேலை கிடைக்குமா? (தேவகோட்டை)

65 டெசிபலா, 65 சதவீதமா? முன்னது கேட்கும் இழப்பின் அளவு, பின்னது ஊனத்தின் அளவு. இரண்டும் வேறு வேறு. ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை வரைபடம்) நகல்கூட வைக்காமல் கேட்டால் எதைப் பார்த்துச் சொல்வது? இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைந்தவர். 70-ஓ அதற்கு மேலோ என்றால் காது கேளாதவர். இருவருக்கும் சேர்த்து அரசுப் பணியில் 1 சதவீத ஒதுக்கீடு. அதற்குச் சான்றிதழில் ஊனம் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும்.

காது கேளாத என் மனைவிக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் தர முடியாது என்கிறார்கள். (காரைக்குடி)

ஓட்டிக் காட்டித் தேறினால் தர வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை வைத்து மேல்முறையீடு போட முடியாது.

ஐயா கட்டிய வளவு வீட்டில் சின்ன அண்ணனுக்கும் பங்கு உண்டு. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. 'நானே சைகையில் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்' என்று பெரிய அண்ணன் தன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) தயார் செய்கிறார். ஏதாவது செய்யலாமா? (கானாடுகாத்தான்)

பதிவுக்கு முன்பே எழுதினீர்களே, நல்லது ஆச்சி. செட்டிநாட்டுக் கடிதங்களில் பாதி இதே சங்கதிதான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதுகிறார்கள்.

பிறவியில் காது கேளாதவருக்குச் சொத்தில் பங்கில்லை என்ற பழைய வழக்கத்தை 1928-லேயே சட்டம் நீக்கிவிட்டது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவும், எந்த நோயும் ஊனமும் வாரிசுரிமையைப் பறிக்காது என்கிறது. அவர் பங்கு முழுப் பங்கு.

அடுத்தது கையெழுத்து. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒரு சொத்து விவகாரத்தில் துணைக்கு வருபவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதினால், துணைக்கு வந்தவர் அந்த விவகாரத்திலிருந்து விலக வேண்டும். உறவினர் என்பதற்காகவே யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் பங்கை வாங்குகிறவரே மொழிபெயர்ப்பாளராகவும் உட்காருவதை எப்படி ஏற்பது? வீட்டுச் சைகையில் சோறு, தண்ணீர், கடைக்குப் போ எல்லாம் சொல்லிவிடலாம். 'உன் பங்கு இனி என்றைக்கும் உனக்கில்லை, பதிலுக்கு இவ்வளவுதான், வேண்டாம் என்று நீ மறுக்கலாம்' என்பதை அதில் சொல்லிவிட முடியுமா? பங்காளிகள் சூழ்ந்து நிற்க, முகப்பில் உட்கார வைத்துக் கேட்டால் அவர் தலையாட்டத்தான் செய்வார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது ஏமாற்று.

அவரையும் அழைத்துக்கொண்டு வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. குடும்பத்தோடு சம்பந்தமில்லாத, பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். இந்திய சைகை மொழி அவருக்குத் தெரியாதென்றால், அவருடைய காது கேளாத நண்பர் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சைகையை அவர்கள் நம்மைவிட நன்றாகப் பிடிப்பார்கள். விளக்குவதை முழுதாக வீடியோ எடுங்கள். விவரம் புரிந்தபின் அவரே மனமுவந்து கொடுத்தால் அது அவர் உரிமை, தடுக்க உங்களுக்கும் அதிகாரமில்லை.

பத்திரம் ஏற்கனவே பதிவாகிப் போனவர்கள் கவனத்துக்கு: உண்மை தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும்.

காது கேளாத என் தங்கை ஒரு வழக்கில் சாட்சி. எழுதத் தெரியாது. அவள் சொல்வது எடுபடுமா? (திருமயம்)

எடுபடும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்படி, நீதிமன்றத்தில் சைகையால் சொல்வதும் வாய்மொழிச் சாட்சியமே. மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியர் உதவியோடு பதிவு செய்து, வீடியோவும் எடுக்க வேண்டும். வாய்தாவுக்கு முன்பே எழுத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். அன்று காலையில் தேடினால் ஆள் கிடைக்காது. மொழிபெயர்க்க நீங்கள் போய் நிற்காதீர்கள்.