பந்தி முடிந்து வயிறு கலக்கினால்: கேளுங்கள், சொல்கிறேன்

உணவால் பரவும் நோய்களை விசாரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். வந்த கேள்விகளில் சில இங்கே.

ஈசூன் அக்கா: வீட்டு விசேஷத்துக்கு கேட்டரிங் எடுத்தோம். 30 பேருக்கு வயிற்றுப்போக்கு. கோழிதான் காரணம் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கு போனாலும் பழி கோழிமேல்தான், அக்கா. அதே பந்தியில் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் மறுநாள் வேலைக்குப் போனவர்களையும் விசாரித்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஒரு பேச்சுக்கு, வந்தவர்கள் 75 பேர் என்று வையுங்கள். கோழி சாப்பிட்ட 60 பேரில் 24 பேருக்கு நோய்; தொடாத 15 பேரில் 6 பேருக்கு. இரண்டும் நூற்றுக்கு நாற்பது. கோழி தப்பித்தது. பாயசம் குடித்த 40 பேரில் 28 பேர், குடிக்காத 35 பேரில் 2 பேர் என்றால்? பாயசத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

அந்த 2 பேர்? பாயசக் கரண்டி வேறு பாத்திரத்துக்கு மாறியிருக்கலாம். மறைத்தும் இருக்கலாம். மனைவி பக்கத்தில் நிற்க, சர்க்கரை வியாதிக்காரர் பாயசம் குடித்ததை ஒப்புக்கொள்வாரா? அதனால்தான் ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்போம்.

ஜூரோங் தம்பி: காலையில் புரோட்டா சாப்பிட்டேன், மதியம் வாந்தி. கடைமேல் புகார் கொடுக்கலாமா?

கொடு. ஆனால் அதற்கு முந்தைய மூன்று நாள் சாப்பாட்டையும் எழுதி வை. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் விட்ட நச்சு என்றால் சில மணி நேரத்திலேயே குமட்டும். நோரோவைரஸ் என்ற வயிற்றுக் கிருமிக்கு 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா கிருமிக்கு 6 மணி நேரமும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். கடைசியாகச் சாப்பிட்ட கடையே குற்றவாளி என்பதில்லை.

தேக்கா வாசகர்: ரோஜாக்கில் (வடை, உருளைக்கிழங்கு, இறால் எல்லாம் நறுக்கிக் குழம்போடு தரும் பலகாரம்) எல்லாம் வெந்ததுதானே? 2009இல் அவ்வளவு பேர் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள்?

சிங்கப்பூரின் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ஒரு ரோஜாக் கடை. 154 பேர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் இறந்தார்கள். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ், கடலுணவில் இருக்கும் கிருமி. பச்சைக் கடலுணவிலிருந்து அது ரோஜாக்குக்கும் குழம்புக்கும் தாவியிருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. இறால் வெட்டிய பலகையிலேயே வெந்த உருளைக்கிழங்கை நறுக்கினால் போதும். வேகவைத்த பலன் போச்சு.

பழைய சோற்றை நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி சோற்றில் விடும் வாந்தி நச்சு, சூட்டுக்கு அசையாது.

வயிறு கலக்கிய பந்தியின் மிச்சத்தைக் கொட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள், சோதனைக்கு வேண்டியிருக்கும். மூடி, 'சாப்பிடக்கூடாது' என்று எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். கேட்டரிங் நேரச் சீட்டை (எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று ஒட்டியிருப்பது) படம் எடுங்கள். டாக்டர் மலப் பரிசோதனை கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள், அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே.