உறிஞ்சல் குறைந்தாலே இடைச்செருகலா?

ஐயா,

என் அணைவுச் சேர்மத்தில் ஒரு காப்பர் அயனி, இரண்டு பினான்த்ரோலின் (தட்டையான கரிம மூலக்கூறு). டிஎன்ஏ சேர்க்கச் சேர்க்க 270 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைகிறது. டிஎன்ஏவுக்குள் நுழைந்தால் ஒளிரும் சாயமான எத்திடியம் புரோமைடின் ஒளிர்வும் மங்குகிறது. ஆகவே இடைச்செருகல், அதாவது அணைவு டிஎன்ஏவின் கார இணைகளுக்கு இடையே நுழைகிறது என்று எழுதினேன். ஆனால் டிஎன்ஏ கரைசலின் பாகுநிலை ஏறவே இல்லை. எதை நம்புவது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பாகுநிலையை நம்புங்கள். தட்டையான மூலக்கூறு ஒன்று இடையில் நுழைந்தால் கார இணைகள் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம் விலகியாக வேண்டும். இழை நீளும், பாகுநிலை ஏறும். உறிஞ்சல் குறைய இதெல்லாம் தேவையில்லை. டிஎன்ஏ சுருளின் பள்ளத்தில் ஒட்டினாலே குறையும்.

மூன்று பினான்த்ரோலின் கொண்ட ருத்தேனியம் அணைவையும் முதலில் இடைச்செருகி என்றுதான் சொன்னார்கள். 1992இல் சத்தியநாராயணா, டாப்ரோவியாக், செயர்ஸ் மூவரும் பாகுநிலையை அளந்து, அதன் இரு ஆடிபிம்ப வடிவங்களுமே செவ்வியல் முறையில் இடைச்செருகுவதில்லை என்று காட்டினார்கள்.

உங்கள் 270 எண்ணின் மீதே எனக்குச் சந்தேகம். டிஎன்ஏவின் உச்சம் 260இல். அதன் சரிவில்தான் நீங்கள் அளக்கிறீர்கள். அணைவு இல்லாத ஒப்பீட்டு க்யூவெட்டிலும் (அளவீட்டுக் குப்பியிலும்) ஒவ்வொரு முறையும் அதே அளவு டிஎன்ஏ விட்டீர்களா? 2 மில்லிலிட்டரில் 20 மைக்ரோலிட்டராகப் பத்து முறை விட்டால், கரைசல் நீர்த்துப்போவதாலேயே உறிஞ்சல் 9 சதவீதம் இறங்கும். டிஎன்ஏ கரைசலிலும் அணைவை அதே செறிவில் கலந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் அதுவும் இப்பகுதிக்கு அருகிலேயே உறிஞ்சத் தொடங்கிவிடும்.

டிஎன்ஏ செறிவைக் கணக்கிடும் 6600 என்ற மோலார் உறிஞ்சல் எண் ஒற்றை நியூக்ளியோடைடுக்கானது. கார இணைக் கணக்கென்றால் செறிவு பாதியாகும், பிணைப்பு மாறிலி இரட்டிப்பாகும். பல கட்டுரைகளில் எந்தக் கணக்கு என்றே சொல்வதில்லை, எரிச்சலான விஷயம்.

எத்திடியம் சோதனையும் சாட்சியாகாது. காப்பர்(II) அயனி பாராகாந்தத் தன்மை உள்ளது. எத்திடியத்தை வெளியேற்றாமலே, பக்கத்தில் நின்றே ஒளிர்வைத் தணிக்கும்.

இருந்தாலும் பாகுநிலைமானியை ஒருமுறை சோதியுங்கள். அதே டிஎன்ஏ, அதே வெப்பநிலை, அணைவுக்குப் பதில் எத்திடியம். வரைகோடு ஏறினால் கருவி சரி. ஏறாவிட்டால் டிஎன்ஏவையோ வெப்பத் தொட்டியையோ பாருங்கள். பிறகு சோடியம் குளோரைடை 50 மில்லிமோலாரிலிருந்து 200க்கு உயர்த்தி டிஎன்ஏவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் டைட்ரேஷனைத் திரும்பச் செய்யுங்கள். பிணைப்பு பெரிதும் தளர்ந்தால் அதில் மின்னீர்ப்பின் பங்கு அதிகம். இந்தச் சோதனைகளின்போது அஸ்கார்பிக் அமிலமோ தையாலோ (கந்தகச் சேர்மம்) கலந்துவிடக் கூடாது, அவை காப்பரை ஒடுக்கிவிடும்: ஒடுக்கப்பட்ட (எலக்ட்ரான் பெற்ற) காப்பர்-பினான்த்ரோலின் ஆக்சிஜன் இருந்தால் டிஎன்ஏவை வெட்டும், அப்போது பாகுநிலை விழுவது வேறு காரணத்தால்.